ஒரு சுற்றுப் பட்டை

மார்ச் மூன்றாம் தேதி காலை ஏழு இருபதுக்கு சிஸ்டர் பேரிக்காய் மரத்தின் போர்வையை அவிழ்த்தாள்.

போர்வை என்பது ஒரு பழைய சாக்கு. நவம்பரில் அவளே சுற்றியது. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வைக்கோலை நெருக்கமாக அணைத்து, மேலே சாக்கைச் சுற்றி, மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தாள். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கை. வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியும் தெருவில் அவளுக்குச் சிஸ்டர் என்றுதான் பெயர்.

குளிர்காலம் முடிந்ததும் அவள் செய்யும் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மரத்தின் போர்வை. பிறகு ரோஜாக்களைக் கழித்துவிடுவது. பிறகு பாத்திகளில் மக்கிக் கிடக்கும் இலைகளை வாருவது. மண்ணைத் தொடுவது கடைசி. ஒரு பிடி மண்ணை அமுக்கினால் அது உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். அதுவரை மண்வெட்டி சுவரில் சாய்ந்துதான் இருக்கும்.

சாக்கு வந்தது. வைக்கோல் ஈரத்தோடு சரிந்தது. அதை அள்ளி உரக்குழியில் போட்டுவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மரத்தின் அடியில், கணுக்கால் உயரத்தில், நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை இல்லை. சுற்றி வந்து பார்த்தாள். வடக்குப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீற்று மிச்சம் இருந்தது. மற்ற இடமெல்லாம் எலும்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

யாரோ உரித்திருக்கிறார்கள்.

யாரோ என்று நினைத்தது ஒரு நொடிதான். நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தாள். திரை அசைந்தது. காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜன்னல் சாத்தியிருந்தது.

மாடியில் அவளுடைய தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். தம்பி பஸ் ஓட்டுகிறான். தம்பி மனைவி இரண்டு தெரு தள்ளி முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கட்டடத்தை ஜூனில் இடிக்கப்போகிறார்கள். இரண்டு நாற்காலி, ஒரு பேசின், ஒரு நீளக் கண்ணாடி, இவை அடங்க ஒரு அறை வேண்டும். வீட்டில் அதற்கு இருந்த இடம் தோட்டத்தின் பின்பக்கம் மட்டும்தான். சரியாக, மரம் நிற்கும் இடம். சிஸ்டரின் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அது அந்த மரத்தைப் பார்த்து இருந்தது. அறை கட்டினால் ஜன்னலுக்கு முன்னால் ஒரு முழம் சந்தும் ஒரு சுவரும் மிஞ்சும்.

அக்டோபரில் இதற்குப் பெரிய சண்டை நடந்தது. சாப்பாட்டு மேஜையில் தம்பி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் தட்டைத் தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்.

"மரம் இருக்கறவரைக்கும் அது அக்கா தோட்டம். மரம் பட்டுப்போச்சுன்னா அங்க ரூம். அதுக்கு முன்னாடி யாரும் என்கிட்ட இதப் பத்திப் பேசக்கூடாது. எனக்குக் காலைல நாலரைக்கு டூட்டி."

அவன் பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னான். அது சட்டமாகிவிட்டது. அன்றைக்கு சிஸ்டரும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மரத்தக் கொல்லணும்னா வெட்டக்கூட வேண்டாம். அடியில ஒரு சுத்து பட்டைய உரிச்சா போதும். மேலேர்ந்து வேருக்குச் சாப்பாடு இறங்காது. சத்தமே இல்லாம செத்துரும்" என்று, தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். தான் காவல் இருக்கிறேன் என்று காட்டுவதற்காகச் சொன்னது. இப்போது நினைத்தால் பாடம் நடத்தியது மாதிரி இருந்தது.

வைக்கோல் இல்லாத வெறும் சாக்கை மறுபடி சுற்றிக் கட்டினாள். உள்ளே போய்க் கை கழுவினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

*

ஒரு வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. ஜனவரியில் ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது, பனியில் மரம்வரைக்கும் போய்வந்த காலடி இருந்தது. சின்னக் காலடி. கேட்டதற்கு, "கிளையில பனி ரொம்பச் சேந்துருச்சு அண்ணி, ஒடிஞ்சுருமேன்னு உதறிவிட்டேன்" என்றாள் தம்பி மனைவி. அப்போது அது கரிசனமாகத் தெரிந்தது. ஒடிந்தால் லாபம் யாருக்கோ, அவளே போய் உதறிவிடுவாளா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவளுடைய கைப்பையில் எப்போதும் சவரக்கத்தி இருக்கும். தோல் உறையில், மூன்று.

மார்ச் பத்தாம் தேதி சிஸ்டர் ரோஜாக்களைக் கழித்துக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி தேநீர்க் கோப்பையோடு படியில் இறங்கி வந்து நின்றாள்.

"என்ன அண்ணி இவ்வளவு குட்டையா வெட்டிட்டீங்க. என்கிட்ட வர்றவங்களுக்கு இப்படி வெட்டினா அங்கேயே அழுதுருவாங்க."

"குட்டையா வெட்டினாத்தான் பலமா வரும். வெளிப்பக்கம் பாத்த மொட்டுக்கு மேல, சாய்வா வெட்டணும்."

"சாய்வா எதுக்கு?"

"தண்ணி தேங்காம ஓடறதுக்கு. உனக்குத் தெரியாத வெட்டா."

"எனக்கு மயிர் வெட்டத் தெரியும். மரம் வெட்டத் தெரியாது."

சிஸ்டரின் கத்தரி நின்றது. பேச்சு ரோஜாச் செடியைப் பற்றி. மரத்தை இழுத்தது அவள்தான்.

தம்பி மனைவி தேநீரை உறிஞ்சினாள். அவள் கண் பேரிக்காய் மரத்துக்குப் போயிற்று.

"போர்வைய இன்னும் எடுக்கலையா?"

"இல்ல. குளிர் திரும்பி வரும்."

"இளைச்சுப் போன மாதிரி இருக்கு சாக்கு."

"அப்படியா தெரியுது?"

"முன்னாடி நல்லா உண்டா இருந்துச்சே" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பையின் அடியில் இருந்ததைப் பாத்தியில் ஊற்றினாள். "டீத்தூள் உரம்தானே அண்ணி?"

"எல்லாத்துக்கும் இல்ல."

அவள் படியேறிப் போனாள். பாதிப் படியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். குற்றம் செய்த இடத்தை எட்டிப் பார்க்காமல் ஒருவராலும் இருக்க முடியாது என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டாள். அவசரப் பிரிவில் அடித்தவனே அடிபட்டவனைத் தூக்கி வந்ததை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை மேஜையில் சொல்லிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. காயத்தின் அகலம், உயரம், மிச்சம் இருக்கும் பட்டையின் அளவு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்வது மாதிரி சொன்னாள். யார் என்று சொல்லவில்லை. யார் என்று சொல்லாமலேயே மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி சொன்னாள்.

தம்பி சாப்பிட்ட கையோடு கீழே இறங்கிப் போனான். சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தான். உட்காரவில்லை.

"நீதானா?" என்றான் மனைவியிடம்.

"எது நான்தானா?"

"விளையாடாத. ஜனவரியில மரத்துக்கிட்டப் போனியா இல்லையா?"

"போனேன். பனிய உதறினேன். அண்ணிகிட்ட அன்னைக்கே சொன்னேன்."

"கத்தியோடவா போன?"

தம்பி மனைவி அவனைப் பார்க்காமல் சிஸ்டரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தலைமுடியை எங்கே வெட்ட ஆரம்பிக்கலாம் என்று அளவெடுக்கும் பார்வை.

"நான் ஒரு வேலைக்குக் கத்திய எடுத்தா அரைகுறையா விட மாட்டேன் அண்ணி. ரெண்டு விரல் பட்டை மிச்சம் வெக்க மாட்டேன்."

அது மறுப்பா ஒப்புதலா என்று சிஸ்டருக்குப் புரியவில்லை. தம்பிக்குப் புரிந்துவிட்டது.

"ரூம் கிடையாது" என்றான். "மரம் பொழைச்சாலும் கிடையாது. செத்தாலும் கிடையாது. கேட்டுக்கிட்டியா."

தம்பி மனைவி தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

சிஸ்டர் கீழே வந்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். ஜெயித்த மாதிரி இருந்தது. மரம் மொட்டை மொட்டையாக நின்றது.

*

கத்திக் காயத்துக்குப் பூச ஏதாவது கிடைக்குமா என்று கேட்கச் செவ்வாய்க்கிழமை செடி நர்சரிக்குப் போனாள். நர்சரிக்காரருக்கு அறுபது வயது, முழங்கால் வலி, பேச்சில் மட்டும் வலி கிடையாது. மகப்பேறு வார்டில் அவருடைய இரண்டு பேத்திகளையும் முதலில் கையில் வாங்கியவள் சிஸ்டர். அந்த மரியாதைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். தம்பி டூட்டியில் இருந்தான். மாடி ஜன்னல் திரை மூடியிருந்தது.

அவர் மண்டியிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு மரத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். வெள்ளைக் கட்டைமேல் நகத்தை ஓட்டினார்.

"யாரு இத கத்தின்னு சொன்னது?"

"நான்தான். ஏன்?"

"காயம் பாக்கறவங்க நீங்களே இப்படிச் சொல்லலாமா. இது பல்லு சிஸ்டர். ரெண்டு ரெண்டா கோடு ஓடுது பாருங்க. எலி."

"எலியா?"

"வயல் எலி. பனிக்கடியில அதுக்கு வேற என்ன சாப்பாடு. இந்த வைக்கோல் எங்க?"

சிஸ்டர் உரக்குழியைக் காட்டினாள். அவர் பூட்ஸ் நுனியால் கிளறினார். வைக்கோலுக்கு நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பந்து. சாக்கு நாரும் காய்ந்த புல்லும் சேர்த்துப் பின்னியது. சுற்றிலும் கடுகு மாதிரி கறுப்பாகச் சிதறியிருந்தது.

"பாருங்க. மெத்தை போட்டு, கம்பளியும் போத்தி, தலைமாட்டுலயே சாப்பாட்டையும் வெச்சிருக்கீங்க. எந்த எலி காலி பண்ணிட்டுப் போகும்?" அவர் சிரித்தார். "வைக்கோல் போடலாம். ஆனா அடிமரத்த விட்டு ஒரு சாண் தள்ளித்தான் போடணும். ஒட்டிப் போடவே கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

அவளுக்குத் தெரியும். ரோஜாவுக்கு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் தள்ளிப் போடுகிறாள். மரத்துக்கு மட்டும் இந்த வருடம், பயத்தில், குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

"பொழைக்குமா?"

"ரெண்டு விரல் பட்டை இருக்கு. அத வெச்சு ஒரு வருஷம் இழுக்கும். பாலம் போட்டா பொழைக்கலாம்." அவர் எழுந்திருக்க ஒரு கையை நீட்டினார். அவள் தூக்கிவிட்டாள். "மொட்டு இன்னும் தூக்கத்துல இருக்கு. இன்னைக்கே போன வருஷத்துக் குச்சிங்க பத்து வெட்டிருங்க, பென்சில் தடிமன். ஈரத்துணியில சுத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஏப்ரல்ல மரத்துல மொட்டு விரிஞ்சதும், பட்டை தானா கழண்டு வரும். அப்ப அந்தக் குச்சிங்கள காயத்துக்கு மேலயும் கீழயும் பட்டைக்குள்ள செருகணும். சாப்பாடு அது வழியா இறங்கும். ஒத்தை ஆளால முடியாது, ரெண்டு பேர் வேணும். எனக்கு ஏப்ரல்ல சாகக்கூட நேரமிருக்காது, என்னை எதிர்பாக்காதீங்க."

வண்டியில் ஏறும்போது அவள் சொன்னாள்:

"இது எலின்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்."

"ஏன், எலியோட மானம் போயிருமா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி. எனக்கென்ன."

அவர் போனதும் சிஸ்டர் உரக்குழியில் இறங்கி, வைக்கோல் முழுவதையும் இரண்டு கறுப்புப் பைகளில் அடைத்து, வாயைக் கட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள். திரும்பி வரும்போது மாடித் திரை திறந்திருந்தது. ஜன்னலில் யாரும் இல்லை.

*

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள்.

சொன்னால் என்ன ஆகும் என்பதும் தினமும் கூடவே வந்தது. மனைவிமேல் தப்பில்லை என்றால் தம்பி மனம் குளிர்ந்துபோய் அறையைக் கட்டிக் கொடுப்பான். பழைய தீர்ப்பும் அதுதான். மரம் பட்டுப்போனால் அறை. வாயைத் திறந்தால் ஜன்னல் போய்விடும். வாயை மூடிக்கொண்டால் மரம் செத்தாலும் ஜன்னல் இருக்கும். மென்று விழுங்கினாள்.

பாத்திகளை வாரினாள். மண்ணை அமுக்கிப் பார்த்தாள், உருண்டையாக நின்றது. ஜன்னல் விளிம்பில் தட்டுகளில் தக்காளி விதை போட்டாள். மேலே தம்பி மனைவி போனில் பேசுவது கூரை வழியாகக் கேட்டது. "தண்ணி வசதி இருந்தா போதுங்க." "இல்லைங்க, படிக்கட்டுக்கு அடியில எப்படிங்க நாற்காலி போடறது." ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆளிடம். சிஸ்டர் ரேடியோவை வைத்தாள்.

தம்பி மனைவி பேசுவதை நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் சங்கடம். "தபால் வந்திருக்கு அண்ணி", "கேட்டப் பூட்டிட்டேன் அண்ணி" என்று அளந்து பேசினாள். ஒரு நாள் ஏதோ எடுக்கக் கீழே வந்தவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, துணிச் சுருளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது என்ன?"

"மரத்துக்கு. ஒட்டு போட."

"எப்படிப் போடணும்னு யார் சொன்னா?"

"புஸ்தகத்துல இருக்கு."

"ஓ" என்றாள் தம்பி மனைவி. கதவை மெதுவாகச் சாத்தினாள்.

அந்த 'ஓ' இரண்டு நாள் சிஸ்டரின் காதிலேயே கிடந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறாள். எதற்கு? தன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறாளா? ஒருவேளை ஜனவரியில் பனியை உதறியபோதே எலியைப் பார்த்தாளா? பார்த்துவிட்டு, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டாளா? இந்த நினைப்பு வந்ததும் சிஸ்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அப்படியானால் அவள்மேலும் தப்பு இருக்கிறது. இதை நம்பவே ஆசைப்பட்டாள். ராத்திரி தூங்கிவிட்டு எழுந்தால் நம்ப முடியவில்லை.

*

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி மொட்டு விரிந்தது. சிஸ்டர் ஒரு சின்னக் கிளையில் நகத்தால் கீறிப் பார்த்தாள். பட்டை ஈரமாக, உறை மாதிரி கழன்றது.

தம்பிக்கு மத்தியான டூட்டி. காலையில் அவனைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தாள். தரையில் சாக்கை விரித்துப் படுக்கவைத்தாள். குச்சியின் இரண்டு முனையையும் ஆப்பு மாதிரி சீவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். முதல் குச்சியை அவன் ஒடித்தான். இரண்டாவதைத் தலைகீழாகப் பிடித்தான். மூன்றாவதில் கட்டைவிரலைச் சீவிக்கொண்டான்.

"இது என்னக்கா, இதுக்கு பஸ்ஸ ரிவர்ஸ்லயே ஊர் சுத்திக் கொண்டு வந்துருவேன்."

"அசையாத. ரத்தம் வருது."

"தள்ளுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தம்பி மனைவி நின்றாள். கையில் தோல் உறை. முடியைத் தூக்கி முடிந்திருந்தாள்.

"நீ எதுக்கு?" என்றான் தம்பி.

"இந்த மரம் செத்துச்சுன்னா ஆயுசுக்கும் நான்தான் கொன்னேன்னு இருக்கும். நீங்க எந்திரிங்க. விரலுக்குத் துணி சுத்திக்கிட்டு டூட்டிக்குப் போங்க."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். அவன் எழுந்து போனான்.

தம்பி மனைவி சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்தாள். சவரக்கத்தியை எடுத்து, ஒரே இழுப்பில் குச்சியின் முனையைச் சீவினாள். கண்ணாடி மாதிரி இருந்தது. திருப்பி, மறுபக்கம் ஒரு இழுப்பு.

"இப்படியா?"

"இப்படித்தான். மொட்டு மேல பாக்கணும். காயத்தவிடக் கொஞ்சம் நீளமா இருக்கணும், வில்லு மாதிரி வளைஞ்சு நிக்கறதுக்கு."

"பட்டையில எங்க கீறணும்?"

"கீழ இங்க. மேல இங்க. உள் கட்டையில படாம."

அவள் கீறினாள். சிஸ்டர் பட்டையின் இரண்டு உதடுகளையும் விரலால் விலக்கிப் பிடித்தாள். குச்சி வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. சின்ன ஆணி ஒன்று கீழே, ஒன்று மேலே. சிஸ்டர் உருக்கிய மெழுகைப் பூசினாள். முதல் பாலம் நின்றது.

இரண்டாவது. மூன்றாவது. ஒருத்தி கை நீட்டினால் இன்னொருத்தி வேண்டியதை வைத்தாள். ஆபரேஷன் தியேட்டரில்கூட சிஸ்டருக்கு இவ்வளவு சுத்தமான கை கிடைத்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அதற்கு அடுத்ததையும் சொல்ல வேண்டிவரும் என்று நிறுத்திக்கொண்டாள்.

நான்காவது குச்சிக்காகத் தம்பி மனைவி இன்னும் நெருங்கிப் படுத்தாள். கன்னம் கிட்டத்தட்ட மரத்தில் பட்டது. கீழ் முனையைச் செருகிவிட்டு, மேலே கீறக் கத்தியைக் கொண்டுபோனவள் கையை இழுத்துக்கொண்டாள். சுட்டுவிரலை வெள்ளைக் கட்டைமேல் வைத்து, வலமாக ஓட்டினாள். மறுபடி இடமாக ஓட்டினாள்.

சிஸ்டர் கீழே குச்சியைப் பட்டையோடு அமுக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் குச்சி வெளியே வந்துவிடும்.

"அண்ணி."

"ம்."

"கத்தி ஒரே இழுப்புல போகும். நின்னு நின்னு போகாது." அவள் விரல் இன்னும் கட்டைமேலேயே இருந்தது. "இது குட்டிக்குட்டியா, ரெண்டு ரெண்டா இருக்கு."

மெழுகுக் கிண்ணத்தில் ஆடை படிய ஆரம்பித்திருந்தது.

தம்பி மனைவி தலையைத் திருப்பினாள். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"அன்னைக்கு நர்சரிக்காரர் இப்படித்தானே குனிஞ்சு பாத்தாரு. உங்ககிட்ட என்ன சொன்னாரு அண்ணி?"